ஒலிபெருக்கிக்கு ஒரு பரீட்சை

கடை, படை, தடை என்ற மூன்று சொற்களையும் ஒருவர் நிதானமாக உச்சரித்தால், தமிழ்ப் பிள்ளைகள் எவருக்கும் சந்தேகம் ஏற்பட நியாயமில்லை. அப்படியிருந்தும், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மண்டபத்தில் சொல்வதெழுதுதல் போட்டி நடந்தபோது, கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பலர் 'படை' என்ற இடத்தில் 'தடை' என்றும், 'கடை' என்ற இடத்தில் 'படை' என்றும் எழுதியிருந்தார்கள். தாள்களைத் திருத்தியவன் நான். பின் வரிசைப் பிள்ளைகள் கவனக் குறைவானவர்கள் என்று ஆசிரியர்களுக்கு நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு அல்லவா? அந்த அபிப்பிராயத்தைத் துணையாகக் கொண்டு சிவப்பு மையைத் தாராளமாகச் செலவழித்தேன்.

அடுத்த வாரம் வகுப்பறையில், யந்திரத்தின் உதவியின்றி, அதே சொற்களை வாயால் சொல்லி எழுதச் செய்தேன். அதே பிள்ளைகள் பிழையின்றி எழுதினார்கள். குற்றவாளியை நான் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன் என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது.

மண்டபத்து ஒலிபெருக்கி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதாகவும் சொல்வதற்கில்லை. நாங்கள் நாலு பேர் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். கடைக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். தாளத்தின் ஒவ்வோர் அடியும் நெஞ்சில் வந்து விழுந்தது. "பேஷ்!" என்றோம், பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

இந்தக் கதையை எங்கள் பௌதிக ஆசிரியரிடம் சொன்னேன். அவர் என்னைவிட வயதில் இளையவர். "ஸார், பாட்டைப் போட்டால் அது தன் குறையை மறைத்துக்கொள்ளும். ஒற்றைச் சுரத்தைப் போட்டுக் கேட்டுவிடுவோமே!" என்றார். தம்முடைய கைப்பேசியை ஒலிபெருக்கியுடன் இணைத்து, அடி ஸ்தாயியில் தொடங்கி மெள்ள மெள்ள மேலேறும் ஒரு சீட்டியை ஒலிக்கச் செய்தார். விநாடிக்கு 120 அதிர்வுகள் என்ற இடத்துக்கு அருகில், ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும்படி அது முழங்கிற்று. பிறகு ஒருவாறு சமமாக ஏறிவந்தது. 2,500 அதிர்வுகளைத் தாண்டியதும் தேய்ந்து தேய்ந்து, போன இடமே தெரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே பெரிய கூம்பு ஒன்று, சிறிய கூம்பு ஒன்று. மேல் ஸ்தாயி ஒலிகளைத் தரவேண்டிய சிறிய கூம்புக்குப் போகும் கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது!

பேச்சில் உயிரொலிகளின் வலு பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. ஒரு மெய்யை மற்றொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களோ பெரும்பாலும் ஆயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட பகுதியில் இருக்கின்றன. ஆகவே மண்டபத்தின் கோடியில் இருந்த பிள்ளைகளுக்கு 'அடை' மட்டும் நன்றாகக் கேட்டது; அதற்கு முன்னால் நின்றது ககரமா, பகரமா, தகரமா என்பது அவர்கள் ஊகத்துக்கு விடப்பட்டது. சினிமாப் பாட்டு மூன்று மாதமாக மூடி வைத்திருந்த குறையை, சீட்டி அரை நிமிஷத்தில் காட்டிக் கொடுத்துவிட்டது. அது எப்படி என்று விசாரிக்கப் புகுந்ததன் பலன் இக்கட்டுரை.

பாட்டு ஏன் போதாது?

ஒலிபெருக்கியின் கடமை சுலபமாகச் சொல்லக் கூடியது. தனக்கு வந்த மின்சார அலைகளைக் கூட்டாமல், குறைக்காமல் காற்றில் அலைகளாக மாற்றித் தர வேண்டும். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். அதனுடன் ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் ஆடுகிறபடி கூம்பும் ஆடும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ம் வருஷத்தில் விவரித்த அமைப்பைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் பின்பற்றுகின்றன.

கூட்டாமல் குறைக்காமல் தந்ததா என்று அறிய வேண்டுமானால், உள்ளே போனது என்ன என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பாட்டில் அது தெரியாது. பாடகரின் குரல் இயற்கையாகவே அடைப்பட்டதா, ஒலிப்பதிவு செய்தவர் அடைத்தாரா, பெட்டி அடைத்ததா என்று பிரித்தறிய வழியில்லை. மேலும், பாட்டில் நூறு ஒலிகள் ஒருங்கே வருவதால் ஒன்றின் குறையை மற்றொன்று மூடிவிடுகிறது. 'பசுவைப் பற்றி ஒரு வியாசம் எழுதுக' என்று கேட்டால், கெட்டிக்காரப் பையன் தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததை விஸ்தாரமாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவான். 'பதினேழு பதின்மூன்று எவ்வளவு?' என்று கேட்டால் அந்த வித்தை பலிக்காது. சோதனை ஒலிகள் இந்த இரண்டாவது வகைக் கேள்விகள்.

பாட்டை வைத்துப் பரீட்சை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு ருசிகரமான அத்தாட்சி உண்டு. 1915-ம் வருஷம் முதல் சுமார் பத்து ஆண்டுகள் எடிசனுடைய கிராமபோன் கம்பெனி ஊர் ஊராகச் சென்று 'தொனிப் பரீட்சை' என்று ஒன்றை நடத்திற்று. மேடையில் கிராமபோன் பெட்டி. பக்கத்தில் பிரபல பாடகி. பாடகி சிறிது பாடுவார், திடீரென்று நிறுத்துவார், தட்டு பாட்டைத் தொடரும். விளக்கையும் அணைத்துவிடுவார்கள். விளக்கு வந்ததும் பார்த்தால், மேடையில் பாடகி இல்லை; பாடிக்கொண்டிருப்பது பெட்டி! 1916-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் மேரி ராப்போல்டு என்ற பாடகியை வைத்து இப்படி நடத்தியபோது சபையோர் பிரமித்துப் போயினர்.

அந்தக் காலத்துத் தட்டுகள் மைக் இல்லாமல், குழாயின் வாயில் பாடிப் பதிவு செய்யப்பட்டவை. மின்சார ஒலிப்பதிவு 1925-ல்தான் வியாபாரத்துக்கு வந்தது. அடி ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் பெரும்பகுதி அகப்படாத அந்தத் தட்டை மனிதக் குரல் என்று ஆயிரக்கணக்கானோர் எப்படி நம்பினார்கள்? பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1972-ல், அந்தப் பரீட்சைகளில் பாடிய அன்னா கேஸ் என்ற அம்மையார் ரகசியத்தை வெளியிட்டார். மேடையில் பாடும்போது தம் குரலையே யந்திரத்தின் குரலைப் போல் ஆக்கிக்கொண்டாராம்! யந்திரம் மனிதரைப் போல் பாடவில்லை. மனிதர் யந்திரத்தைப் போல் பாடினார்.

சட்டி தட்டும் சாஸ்திரம்

நம் வீட்டுப் பெண்மணிகள் சந்தையில் மண்சட்டி வாங்கும்போது அதில் குழம்பு வைத்துப் பார்த்து வாங்குவதில்லை. விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். 'கணீர்' என்றால் நல்ல சட்டி. 'டொக்' என்றால் விரிசல். ஒலிபெருக்கியையும் இவ்விதமே தட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் நோக்கம் நேர்மாறானது. சட்டி ரீங்கரிக்க வேண்டும். ஒலிபெருக்கி ரீங்கரிக்கவே கூடாது. அனுப்பிய ஒலி நின்ற கணத்திலேயே அதுவும் வாயை மூட வேண்டும்.

லண்டன் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ஷார்ட்டர் என்பவர் 1946-ம் வருஷத்தில் இதற்கு ஒரு முறையை வெளியிட்டார். ஒரு சுரத்தை ஒலிபெருக்கிக்கு அனுப்பிச் சட்டென்று நிறுத்துவது. நிறுத்தியபின் விநாடியின் நூற்றிலொரு பங்கு போன்ற மிகச் சிறு இடைவேளைகளில், எவ்வளவு ஒலி இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பது. ஒவ்வொரு சுரமாக இப்படி அளந்து வரைபடம் போட்டால், கூம்போ பெட்டியின் பலகையோ எந்தச் சுரத்தில் தானாக ரீங்கரிக்கிறது என்பது மலைத்தொடர்போல் எழுந்து நிற்கும். அந்த ரீங்காரம்தான், எந்தப் பாட்டைப் போட்டாலும் அதன்மேல் ஒரே சாயத்தைப் பூசுவது.

பின்னர் கணிப்பொறிகள் வந்தன. இங்கிலாந்தில் கெஃப் கம்பெனியைச் சேர்ந்த பெர்மன், ஃபிஞ்சம் என்ற இருவர், ஒரே ஒரு மிகக் குறுகிய மின்சாரத் தட்டலை ஒலிபெருக்கிக்குக் கொடுத்து, அதன் மறுமொழியைக் கணிப்பொறியில் ஏற்றி, கணிதத்தால் எல்லாச் சுரங்களின் அளவையும் பிரித்தெடுக்கும் முறையை 1977-ல் விரிவாக வெளியிட்டார்கள். சட்டி தட்டும் சாஸ்திரம் பூர்த்தியடைந்தது என்றே சொல்லலாம். இத்தாலியில் பார்மா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபரீனா 2000-ம் வருஷத்தில் இன்னொரு படி சென்றார். மேலேறும் சீட்டி ஒன்றைக் கொண்டே, ஒலிபெருக்கியின் ஏற்றத் தாழ்வையும், அது சொந்தமாகச் சேர்க்கும் ஒலிகளையும் தனித்தனியே பிரித்துவிடலாம் என்று காட்டினார்.

அதென்ன சொந்தச் சரக்கு? 1,000 அதிர்வுள்ள ஒரே சுரத்தை உள்ளே அனுப்புகிறோம். வெளியே 2,000, 3,000 அதிர்வுகளும் சேர்ந்து வந்தால், அவை பெட்டிக்குள் பிறந்தவை. 1,000, 1,100 என்று இரண்டு சுரங்களைச் சேர்த்து அனுப்பினால், குறையுள்ள ஒலிபெருக்கி 100, 900, 1,200 என்று அழையாத விருந்தினரையும் கூட்டிவரும். சங்கீதத்தில் இதையே நாம் 'கரகரப்பு' என்கிறோம். ஆனால் இரண்டு பலத்த சுரங்களைக் கேட்டால் நம் காதுங்கூட இல்லாத மூன்றாவது சுரம் ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இத்தாலிய வயலின் மேதை டார்ட்டினி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அந்த மூன்றாம் சுரத்தைக் கேட்டிருக்கிறார். ஆகையால் இந்த வழக்கில் காதைவிட மைக்தான் நம்பத்தக்க சாட்சி.

இரைச்சலுக்கும் ஒரு மதிப்பு

சோதனை ஒலிகளுக்குள் அழகில்லாத ஒன்று உண்டு. அருவியின் ஓசையைப் போல ஒரே இரைச்சல். ஒவ்வொரு ஸ்தாயியிலும் சமமான வலு இருக்கும்படி அமைத்த இதற்கு 'பிங்க் நாய்ஸ்' என்று பெயர். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஃபிளாயிட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் 1988-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒலிபெருக்கியின் ரீங்காரங்களைக் காதால் கண்டுபிடிப்பதற்கு இத்தகைய தொடர்ந்த இரைச்சல், விட்டுவிட்டு வரும் ஒலிகளைவிட மிகவும் உதவுகிறது என்று காட்டினார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. இரைச்சலில் எல்லாச் சுரங்களும் எப்பொழுதும் இருப்பதால், குறை எந்த இடத்தில் ஒளிந்திருந்தாலும் அதற்கு ஓய்வே கிடைப்பதில்லை. நல்ல பெட்டியில் அது வெறும் அருவி. குறையுள்ள பெட்டியில் அதே அருவி 'ஊ' என்றோ 'ஈ' என்றோ ஓர் உயிரெழுத்தை முனகும்.

சோதனை ஒலிகள் எல்லாமே தீர்ப்புச் சொல்லத் தகுந்தவை என்று நினைத்துவிடவும் கூடாது. சதுர அலை என்று ஒன்று உண்டு. ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1822-ல் வெளியிட்ட தத்துவப்படி, சதுர அலை என்பது ஒரு சுரமும், அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு எனப் போகும் சுரங்களும் குறித்த அளவில் சேர்ந்த கூட்டம். ஒலிபெருக்கி சதுரத்தைச் சதுரமாகவே தந்தால் ஆஸிலாஸ்கோப்பின் திரையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு மூன்று கூம்புகள் உள்ள நல்ல பெட்டிகள் பலவும் சதுரத்தைக் கோணல் மாணலாக்கிவிடும். சுரங்களின் அளவு மாறாமல் அவை வந்து சேரும் நேரம் சிறிது முன்பின்னாவதே காரணம். அந்த முன்பின்னைக் காது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தொடர்ந்த ஒலியின் தன்மை சுரங்களின் அளவைப் பொறுத்தது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-லேயே எழுதினார். பின்னால் வந்தவர்கள் இதற்குச் சில விலக்குகள் கண்டார்கள். ஆயினும் திரையில் கோணலாகத் தெரிந்த ஒரே காரணத்துக்காக ஒரு பெட்டியைத் தள்ளுவது, கையெழுத்தை மட்டும் பார்த்துக் கணக்குக்கு மதிப்பெண் போடுவது போலாகும்.

அறையும் காதும்

ஆராய்ச்சிசாலைகளில், சுவரெல்லாம் ஆப்புப் போன்ற பஞ்சுக் கட்டிகள் பதித்த எதிரொலியற்ற அறையில் வைத்து அளக்கிறார்கள். நம் வீட்டுக் கூடம் அப்படிப்பட்டதல்ல. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நாலு மீட்டர் தூரமுள்ள அறையில், விநாடிக்குச் சுமார் 43 அதிர்வுள்ள சுரம் அச்சுவர்களுக்கு இடையே முட்டி மோதி நிலைகொண்டுவிடும். சுவரோரம் நின்றால் முழக்கம். நடு அறையில் நின்றால் ஏறக்குறைய மௌனம். இது ஒலிபெருக்கியின் குற்றமல்ல, அறையின் சுபாவம். எங்கள் மண்டபத்தில் 120 அதிர்வில் எழுந்த முழக்கமும், பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தியவுடன் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

காதும் நடுநிலை தவறாத நீதிபதியல்ல. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் நிரூபித்தபடி, மெல்லிய ஒலியில் நம் காதுக்கு அடி ஸ்தாயி மிகவும் குறைவாகவே கேட்கிறது. ஒலியைப் பெருக்கப் பெருக்க அது வேகமாக வலுப்பெறுகிறது. ஒரே பெட்டியைச் சிறிது உரக்க வைத்தால் அதிகச் செழுமையுள்ளதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது, தாம் விற்க விரும்புவதை ஒரு சிட்டிகை உரக்க ஒலிக்கவிடும் வியாபாரி இந்தத் தத்துவத்தைப் படித்தறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கள்ளன் கண். 1994-ல் ஆலிவும் டூலும் அமெரிக்காவில் 40 பேரை அழைத்து நாலு ஒலிபெருக்கிகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து. மறு முறை திரையை விலக்கி. ஒலி அதேதான். ஆனால் பெட்டியைப் பார்த்தவுடன் மதிப்பெண்கள் இடம் மாறின. பெரிதாகவும் கம்பீரமாகவும் நின்றவை ஏறின. பார்வைக்குச் சிறியதாயிருந்த ஒன்று, மறைவில் நியாயமாகப் பெற்றிருந்ததை இழந்தது. மறைவில் கேட்டபோதோ ஜனங்களின் அபிப்பிராயங்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன. எதிரொலியற்ற அறையில் எந்தப் பெட்டியின் அளவுகள் ஏற்றத் தாழ்வின்றி வந்தனவோ, திரைக்குப் பின்னாலும் பெரும்பாலும் அதையே விரும்புகிறார்கள். டூல் பல ஆண்டுகளாகச் செய்த ஆராய்ச்சிகளின் சாரம் இதுவே. யந்திரத்தின் அளவும் மனிதரின் ரசனையும் பகைவரல்ல. இடையிலே கண்தான் கலகம் செய்கிறது.

வீட்டில் செய்து பார்க்க

இவ்வளவையும் வீட்டில் செய்ய வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே சோதனை ஒலிகள் கிடைக்கின்றன. முதலில் இரைச்சலைப் போட்டு, ஒப்பிட வேண்டிய இரு பெட்டிகளையும் ஒரே அளவு ஒலிக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். ஒலியை மிதமாகவே வையுங்கள். மேல் ஸ்தாயிச் சுரத்தை உரக்க நீடித்தால் சிறிய கூம்பின் மெல்லிய கம்பிச் சுருள் கருகிவிடும். அடுத்து இரைச்சலிலே உயிரெழுத்து ஏதாவது முனகுகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஏறும் சீட்டி. எங்கே தடதடக்கிறது, எங்கே மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகமான இடத்தில் நாற்காலியை நகர்த்தி மறுபடி கேளுங்கள். இடம் மாறினால் குறையும் மாறினால், அது பெரும்பாலும் அறையைச் சேர்ந்தது. அதன்பின் வீட்டிலுள்ள ஒருவர் பேச்சைப் பதிவு செய்து, அவர் எதிரே இருக்கும்போதே போட்டுக் கேளுங்கள். மனிதக் குரலைவிட நமக்கு நன்றாகத் தெரிந்த வாத்தியம் வேறில்லை. கடைசியாக ஒரு வேஷ்டியைத் திரையாகக் கட்டி, எது எந்தப் பெட்டி என்று அறியாமல் பிடித்தமான பாட்டைக் கேட்டுத் தீர்மானியுங்கள். பாட்டை ஒதுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதன் முறை கடைசியில் வருகிறது என்றே சொல்கிறேன்.

எங்கள் ஒலிபெருக்கியின் கம்பியை ஒட்டி முடித்ததும், பௌதிக ஆசிரியர் பிள்ளைகள் எதிரில் மறுபடியும் சீட்டியை ஏற்றினார். 14,000 அதிர்வைத் தாண்டியதும் சப்தம் நின்றுவிட்டது. "மறுபடியும் கம்பி கழன்றுவிட்டதோ?" என்றேன். திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசை வரையில் பிள்ளைகள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்! வயது ஏற ஏற மேல் ஸ்தாயி காதைவிட்டுப் போய்விடும் என்று அவர் எனக்கு விளக்க வேண்டியதாயிற்று. கழன்றிருந்தது என் காதிலுள்ள கம்பி.

மறுநாள் சொல்வதெழுதுதல் போட்டியை மண்டபத்திலேயே மீண்டும் நடத்தினோம். பழைய தாள்களை வாங்கி, சிவப்பு மையில் போட்டிருந்ததை அடித்துவிட்டு, புதிய மதிப்பெண்களைப் பதிவேட்டில் எழுதினேன். இரண்டாம் பரிசு கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. முதல் தடவை அவள் தாளின் ஓரத்தில் 'கவனம் தேவை' என்று எழுதியிருந்தேன். அதன் கீழே, 'எனக்கு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.